இடையில் கேட்கும் குரல் என்னுடையது

தாம்பரத்தில் முதல் நாள் நான்கு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஆட்டோக்காரர், விடுதி வார்டன், சிம் கார்டு விற்ற பெண், தேத்தண்ணிக் கடைக்காரர். "தனியாவா வந்தீங்க?" ஆமாம் என்பதற்கு எங்கள் ஊர் வழக்கப்படி ஓம் என்றேன். அந்த ஒரு சொல்லிலேயே நால்வருக்கும் அடுத்த கேள்வி கிடைத்துவிட்டது. "சிலோனா நீங்க?" அதற்கும் ஓம். உங்கள் தமிழ் கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் பேசுங்கள் என்றார் கடைக்காரர். பேசினேன். தேத்தண்ணிக்குச் சீனியைக் குறைக்கச் சொன்னேன். தலையைச் சாய்த்து இரசித்துக் கேட்டார். தேத்தண்ணி பாகு மாதிரி இனித்தது.

யாழ்ப்பாணத்தில் கொக்குவில் எங்கள் ஊர். ஊடகப் படிப்பை முடித்துவிட்டு இரண்டு வருடம் பெரியம்மாவின் மகனோடு கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டு திரிந்தேன். பன்னாட்டு நிறுவனம் ஒன்றில் மூன்று மாத வீடியோப் பயிற்சி என்று கடிதம் வந்த அன்று வீட்டில் குதித்த குதியில் அம்மா சுவாமிப் படத்தைப் பிடித்துக்கொண்டார். உலகத்தைப் பார்க்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. வந்து பார்த்தால் உலகம் குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில், கீழே பாத்திரக் கடையோடு இருந்தது.

வெள்ளம் வருமுன் தாழ்வான இடத்து மக்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரச் செய்வதுதான் அந்த நிறுவனத்தின் வேலை. எங்கள் பிரிவுக்குப் பொறுப்பு பிரதிமா என்ற நேபாளத்துப் பெண். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. எடிட்டிங் மேசையில் பிரான்சிஸ் அண்ணா, சேலையூர்க்காரர். முதல் நாளே பிரதிமா என் முன்னால் விஷயத்தை வைத்துவிட்டார். மூன்று மாத முடிவில் வெள்ளத்தைப் பார்த்த ஒருவரைப் பற்றி நான்கு நிமிடப் படம் ஒன்றை நானே எடுத்துக் கொடுக்க வேண்டும். அது தேறினால் காத்மாண்டு அலுவலகத்துக்கு ஒரு வருட வேலைக்கு என் பெயர் போகும். தேறாவிட்டால் "கலந்துகொண்டார்" என்று ஒரு தாள். தாளோடு போனால் மறுபடி கல்யாண வீடியோதான்.

விடுதி மேற்குத் தாம்பரத்தில். என்னோடு அறையில் இருந்த இரண்டு பிள்ளைகளும் இரவு வேலைக்குப் போகிறவர்கள். நான் எழும்பும்போது அவர்கள் வந்து படுப்பார்கள். மூன்று மாதமும் அவர்களுடைய போர்வைகளைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

புதன்கிழமை இடியப்பம் என்று பலகையில் எழுதியிருந்ததைக் கண்டு முதல் ஆளாய் இறங்கினேன். இடியப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் வெள்ளையாய் இருந்தது. சொதி என்று நினைத்தேன். இரண்டு கரண்டி ஊற்றிக் குழைத்து வாயில் வைத்தால் சீனி போட்ட தேங்காய்ப்பால். பழி சொல்ல ஒன்றும் இல்லை. அது அவர்கள் முறை, ருசியும்தான். ஆனால் புளியும் உப்பும் வரும் என்று காத்திருந்த நாக்கில் இனிப்பு வந்து உட்கார்ந்தபோது, முழு வீடும் நாலடி தள்ளிப் போனதுபோல் இருந்தது. மேசையைச் சுற்றி எட்டுக் கதிரைகள். நான் ஒருத்தி.

ஷேர் ஆட்டோவில் இன்னொன்று. எங்கள் ஊர் பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால் "இறக்கம்" என்று ஒரு சத்தம் போட்டால் போதும். முடிச்சூர் ரோட்டில் நானும் போட்டேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஏதோ இரக்கமான விஷயம் சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். விடுதியைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போன பிறகு ஒரு அக்கா, "இந்தப் பொண்ணு எறங்கணும் போல, நிறுத்துப்பா" என்றார். திரும்பி நடந்தேன்.

ஒவ்வொரு மாலையும் அம்மா போன் எடுப்பார். என்ன சாப்பிட்டாய், குளித்தாயா என்பதெல்லாம் முடிந்ததும் வரும் கேள்வி ஒன்று. "சிநேகிதப் பிள்ளையள் ஆரும் கிடைச்சினமே?"

"ஓம் அம்மா, நிறையப் பேர்."

பெயர் கேட்டார். ரயிலில் விளம்பரப் பலகையில் பார்த்த பெயர்களைச் சொன்னேன். சங்கீதா, பிரியா, இன்னொரு பிரியா.

இரண்டாம் ஞாயிறு குரோம்பேட்டைக்குக் குளிக்கிற சவர்க்காரமும் பழமும் வாங்கப் போய்விட்டுத் திரும்பும் ரயிலில் தூங்கிவிட்டேன். விழித்தால் வண்டலூர். இறங்கியது இறங்கியதுதான் என்று விலங்குக் காட்சிச்சாலைக்குப் போனேன். டிக்கெட் கவுண்டரில் "எத்தனை பேரு?" என்றார். ஒருவர் என்றேன். அவர் என் பின்னால் எட்டிப் பார்த்தார். உள்ளே எல்லாரும் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள்; புளிசாதமும் தண்ணீர்ப் போத்தலும் சண்டையுமாக. "அப்பா, புலி தூங்குது, எழுப்புங்க" என்று ஒரு சின்னப் பெண். அந்த அப்பா உண்மையாகவே கை தட்டினார். பையிலிருந்த ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துப் பறவைகளைப் பதிவு செய்தேன். யாராவது கேட்டால் வேலைக்கு வந்தேன் என்று சொல்லலாமே. யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் வாரம் மல்லிகா அக்காவைக் கண்டேன்.

முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருவொன்றில், புங்கமரத்தடியில் இஸ்திரி வண்டி. ஐம்பது வயதிருக்கும். கரிப்பெட்டியை ஒரு கையால் தூக்கிச் சாம்பலை ஊதிவிட்டு என்னைப் பார்த்தார். சிலோனா என்று கேட்கவில்லை. தனியாவா என்றும் கேட்கவில்லை.

"இப்டி கசங்கினத போட்டுகினு ஆபீசுக்கு போறியா நீ?"

அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அவருடைய வீடு அதே தெருவில், ரோட்டைவிட இரண்டு படி தாழ்வில். பெருவெள்ளம் வந்த வருடம் அந்தத் தெருவில் இருந்தவர்களில் பாதிப்பேர் வேறு இடம் போய்விட்டார்கள். இவர் போகவில்லை. பேசுவீர்களா என்று கேட்டேன். கை நிற்காது, தேய்த்துக்கொண்டேதான் பேசுவேன் என்றார். அதைவிட என்ன வேண்டும்? மறுநாள் கமராவோடு வந்து அவருடைய சேலையில் மைக்கைக் குத்திவிட்டு, வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு விமானம் எழும்பித் தலைக்கு மேல் போகும்வரை காத்திருந்து தொடங்கினோம். விடிகாலையில் பால் வாங்கக் கதவைத் திறந்தாராம், வாசலில் தண்ணீர். உள்ளே தேய்த்து வைத்தவை, தேய்க்காதவை என்று முப்பது வீட்டுத் துணி. மூட்டை மூட்டையாய்த் தூக்கி எதிர் வீட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுபோனார். மஞ்சள் கேட் போட்ட வீடு, டாக்டர் வீடு, மேல்மாடி வாத்தியார் வீடு. ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டே வந்தார். நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். எல்லாம் ஏற்றிவிட்டுத் தன்னுடையதை எடுக்கத் திரும்பி வந்தபோது இடுப்பளவு தண்ணீர். மகளுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் அலமாரியோடு போய்விட்டது.

"இன்னிக்கும் சொல்லிக் காட்டுவா. ஊரான் துணி பெருசா, பெத்த பொண்ணு மார்க்கு பெருசான்னு. நா இன்னா பதில் சொல்றது?"

முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்பது நிறுவனம் எழுதிக் கொடுத்த கேள்வி. கேட்டேன். பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு யோசித்தார்.

"மொத நாளே அவங்கவங்க துணிய அவங்கவங்க வூட்ல குடுத்திருப்பேன்."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. வண்டியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு மூட்டையை எடுத்தார். நீலக் கேட்டு வீட்டினருடையது. வெள்ளத்துக்குப் பிறகு அவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியாது. இரண்டு வெள்ளைச் சட்டை, ஒரு சேலை, ஒரு பள்ளிக்கூடச் சீருடை. ஒவ்வொரு மழைக்காலம் தொடங்கும்போதும் எடுத்து மறுபடி தேய்த்து வைக்கிறார்.

"அந்தப் பொண்ணு இந்நேரம் காலேஜே முடிச்சிருக்கும். யூனிபார்மு இன்னாத்துக்கு ஆவும்? ஆனா வந்து கேட்டா கசங்கலா குடுக்க முடியுமா, சொல்லு."

ரயில் ஏறி அலுவலகம் போகும்வரை என் கால் நிலத்தில் படவில்லை. படம் கையில் இருக்கிறது. காத்மாண்டு குளிருக்கு ஸ்வெட்டர் எங்கே வாங்கலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை பிரான்சிஸ் அண்ணா என்னைக் கூப்பிட்டு ஹெட்போனை நீட்டினார். "துவாரகா, இத கேளு. நடுவுல யாரு இது?"

மல்லிகா அக்கா பேசுகிறார். ஓம். துணி மூட்டையைத் தூக்குகிறார். ஓம். தண்ணீர் இடுப்புக்கு வருகிறது. ஓம், ஓம். மகள் திட்டுகிறாள். ஓ...ம்.

"நான்தான் அண்ணா."

"இத்தன தடவையா? ஏதாவது வேண்டுதலா?"

பேட்டி எடுப்பவரின் குரல் பதிவில் கேட்கக்கூடாது என்று நிறுவனத்தின் கையேட்டில் இருக்கிறது. நான் படித்திருக்கிறேன், அடிக்கோடுகூட இட்டிருக்கிறேன். கேள்வி கேட்கும் குரலைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். ஓம் ஒரு குரல் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் ஒருவர் ஒன்று சொல்லத் தொடங்கினால் கேட்கிற ஆள் ஓம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு இடத்தில் நிறுத்தினால் அம்மா கதையை நிறுத்திவிட்டு "கேக்கிறியோ?" என்பார். போனில் இன்னும் மோசம். ஓம் இல்லாவிட்டால் லைன் அறுந்துவிட்டது என்று வைத்துவிடுவார். இத்தனை நாள் தொழிலிலும் இது பிடிபடாததற்குக் காரணம் கல்யாண வீடியோ. அதில் மேலே பாட்டுப் போட்டுவிடுவோம். கீழே யார் என்ன சொன்னார் என்று யாருக்குத் தெரியும்?

இடைவெளியில் விழுந்த ஓமை வெட்டலாம், அவருடைய பேச்சின் மேலேயே விழுந்ததை ஒன்றும் செய்ய முடியாது என்றார் பிரான்சிஸ் அண்ணா. பிரதிமா வந்து ஒரு நிமிடம் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. மறுபடி எடுத்துவா, இந்த முறை நீ அங்கே இல்லாதது போல் இரு என்றார். அதுதான் எனக்கு நன்றாகப் பழகிவிட்டதே என்று சொல்ல வாய் வந்தது.

மூன்று நாள் பயிற்சி எடுத்தேன். விடுதியில் வார்டன் அக்கா தண்ணீர் மோட்டார் பழுதைப் பற்றிச் சொன்னபோது வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினேன். பாதியில் நிறுத்தி, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அம்மாவோடு போனில் முயன்றேன். இரண்டு முறை வைத்து இரண்டு முறை எடுத்தார்.

மல்லிகா அக்கா மறுபடி பேசச் சம்மதித்தார். "இன்னா, மொத எடுத்தது அழிஞ்சி பூட்சா?" என்று சிரித்தார். மைக்கைக் குத்தினேன். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டேன். அவர் தொடங்கினார். தண்ணீர் வந்தது, துணியைத் தூக்கினோம். நான் தலையை ஆட்டினேன். என்னைப் பார்த்தார். மேலே போனோம். நான் ஆட்டினேன். பெட்டியை வைத்துவிட்டார்.

"இன்னாடி, ஊமையாட்டம் குந்திகினு கீற? கேக்கறியா, இல்லியா?"

கமராவைக் காட்டி, சத்தம் போடக்கூடாது என்று விளக்கினேன். அவருக்குப் புரிந்தது. சரி, பேஜாரு பண்ணாத, சீக்கிரம் முடி என்று சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, கமராவைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தார். மழை அதிகமாகப் பெய்தது. வெள்ளம் வந்தது. மிகவும் கஷ்டப்பட்டோம். எச்சரிக்கை கிடைத்திருந்தால்? சீக்கிரமாகப் போயிருப்போம். மகளின் மார்க் ஷீட்டைப் பற்றிக் கேட்டேன். "அது போச்சு" என்றார். நீலக் கேட்டு வீட்டு மூட்டையைப் பற்றிக் கேட்டேன். "கீது." அவ்வளவுதான். ஒலி கண்ணாடி மாதிரித் துப்புரவாக இருந்தது. அன்றைக்கென்று விமானம்கூடப் பறக்கவில்லை.

விடுதிக்குத் திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டே யோசித்தேன். கையில் இரண்டு பதிவு. ஒன்றில் அவர் இருக்கிறார், கூட நானும் இருக்கிறேன். மற்றதில் நானும் இல்லை, அவரும் இல்லை. விதிப்படி இரண்டாவதைக் கொடுத்தால் படம் தேறிவிடும். கொடுக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? அந்த மூட்டையைப் பற்றி என்னையும் பிரான்சிஸ் அண்ணாவையும் தவிர யாருக்கும் தெரியாது.

காலையில் இரண்டையும் எடுத்துக்கொண்டு பிரதிமாவின் மேசைக்குப் போனேன். எனக்கு முதலாவதுதான் வேண்டும் என்றேன். அது விதிக்குள் வராது என்று உனக்குத் தெரியும்தானே என்றார். தெரியும், ஆனாலும் இரண்டாவதில் என் பெயரைப் போட வேண்டாம் என்றேன்.

இரண்டையும் சப்டைட்டில் இல்லாமல் போடச் சொன்னார். ஒரு சொல் விளங்காத பாஷையில் தொடக்கம் முதல் கடைசி வரை, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். கீழே பாத்திரக் கடையில் ஏதோ விழுந்து உருண்டது. முடிந்ததும் சொன்னார்: "இரண்டாவதில் இந்தப் பெண் பதில் சொல்கிறார். முதலாவதில் யாருக்கோ சொல்கிறார்." பிறகு பிரான்சிஸ் அண்ணாவிடம் திரும்பி, வெட்ட முடிந்ததை வெட்டு, முடியாததை விடு, மேலிடத்தில் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். காத்மாண்டுக்கு என் பெயர் போகுமா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவரும் சொல்லவில்லை.

இரண்டு நாள் பிரான்சிஸ் அண்ணா ஒவ்வொரு ஓமாகப் பிடுங்கினார், பேன் பார்ப்பதுபோல. கடைசியில் இரண்டு தங்கிவிட்டன. ஒன்று மார்க் ஷீட் போன இடத்தில். மற்றது, "கசங்கலா குடுக்க முடியுமா, சொல்லு" என்பதன் வாலில். அதை எடுத்தால் மல்லிகா அக்காவின் கடைசிச் சொல்லும் சேர்ந்து போய்விடும்.

வெள்ளிக்கிழமை மாலை கிளம்பும்போது கூப்பிட்டு ஒரு சின்ன ஒலிக்கோப்பை என் போனுக்கு அனுப்பினார். வெட்டின ஓம் எல்லாவற்றையும் வரிசையாய் ஒட்டியிருக்கிறார். "குப்பைல போட மனசு வரல. ஊருக்குப் போறப்போ எடுத்துட்டுப் போ."

விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டேன். பக்கத்துப் போர்வைகள் இரண்டும் வேலைக்குப் போயிருந்தன. சின்ன ஓம், நீட்டின ஓம், சிரிப்போடு ஒன்று, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு ஒன்று. ஒரு மாதத்தில் தாம்பரத்தில் நான் ஒருவரோடு இவ்வளவு நேரம் கதைத்த சாட்சி அது ஒன்றுதான். பகிடிக்கு, சிரிக்கட்டும் என்று அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். ஒன்றும் எழுதவில்லை.

ஐந்து நிமிடத்தில் எடுத்தார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

"பிள்ளை, உது ஆரோட கதைச்சுக்கொண்டு இருந்தனி?"

"மல்லிகா அக்கா எண்டு ஒராள் அம்மா. உடுப்பு அயன் பண்ணுறவ."

லைன் அறுந்துவிட்டதோ என்று நானே பார்த்தேன்.

"அந்தச் சங்கீதா, பிரியா எண்டு நீ சொல்லேக்க எனக்குத் தெரியும், உனக்கு அங்க ஒருத்தரும் இல்லையெண்டு. இது ஆளிருக்கிற ஓம். நல்லம். விடாத."

மறுநாள் சனிக்கிழமை. கமராவை எடுக்கவில்லை. கசங்கின உடுப்புகளை எல்லாம் ஒரு பையில் திணித்துக்கொண்டு முடிச்சூர் ரோட்டுக்குப் போனேன். இந்த முறை ஆட்டோவில் "அண்ணா, நிறுத்துங்க" என்று சரியாகச் சொன்னேன். மல்லிகா அக்கா பையைப் பார்த்தார், என் தோளைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

"மைக்கு எங்க?"

"கொண்டு வரேல்ல அக்கா."

ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார். என் நீலச் சட்டையை விரித்துத் தண்ணீர் தெளித்து, பெட்டியிலிருந்த சாம்பலை ஊதினார்.

"எம்பொண்ணு மார்க்கு ஷீட்டு போச்சுன்னு சொன்னேன்ல. அதுக்கப்பறம் இன்னா ஆச்சுன்னு அன்னிக்கு சொல்லல."

"ஓம்," என்றேன்.